மேலே அண்ணன், கீழே தம்பி

எங்கள் அப்பாவின் மூச்சுக்கு இரண்டு முதலாளிகள் இருந்தார்கள். ஒருவன் என் அண்ணன், டீசல்காரன். இன்னொருவன் என் தம்பி, வெயில்காரன். நடுவில் பிறந்த நான் அந்த மூச்சுக்கு வேலைக்காரி. இதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் வாய் கூசும். வருத்தம் இருந்தது, எரிச்சலும் இருந்தது.

அப்பா, மலையைக் குடைந்து தண்ணீர்க் குழாய் கொண்டுபோன ஒரு கம்பெனியில் பாறை துளைத்தவர். வேலை முடிந்ததும் கம்பெனி தன் மெஷின்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போனது. கல்தூசியை மட்டும் அவர் நெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனது. கூடவே, மேஸ்திரிகள் தங்கியிருந்த மரவீட்டையும் அவர் தலையில் கட்டியது. பிரித்து லாரியில் ஏற்றும் கூலிக்குக்கூடத் தேறாது என்பதால் வந்த தாராள மனசு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அடுப்புக்கு ஒரு மூலை, முன்னால் மரத்தடுப்பு போட்ட தாழ்வாரம். சுற்றிலும் ஊசியிலை மரங்கள். கடைசி மின்கம்பம் கீழே ரோட்டுக் கடையோரமே நின்றுவிடும். அதற்கு மேல் ஏறிவர அதற்கு என்ன தலையெழுத்தா?

அம்மா போன பிறகு அப்பா அங்கேயே தங்கிவிட்டார். கீழே வரச் சொல்லி நான் கூப்பிட்டால் ஒரே பதில்தான்.

"கீழ இருக்கிற காத்தெல்லாம் எவனோ மூச்சு விட்டுப் போட்டதும்மா. இங்க இருக்கிறது புதுசு."

அந்தப் புதுக் காற்றும் நெஞ்சுக்குள் போகாத காலம் வந்தது. நாலு எட்டு நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஆக்சிஜன் மெஷின் வைக்கச் சொன்னார். முழங்கால் உயரத்துக்கு ஒரு பெட்டி. அறையில் இருக்கிற காற்றை இழுத்து, வேண்டியதை மட்டும் வடிகட்டி, மூக்குக் குழாய் வழியாக அனுப்பும். அது பகலிலும் ஓட வேண்டும், ராத்திரியும் ஓட வேண்டும். "கரண்ட் மட்டும் நிக்கக்கூடாதும்மா. நின்னா இவரால ரொம்ப நேரம் தாங்க முடியாது" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டு வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தவர்கள் அண்ணனும் தம்பியும்.

அண்ணனுக்கு லாரிப் பட்டறை. எஞ்சின் சத்தம் கேட்டால்தான் அவனுக்கு உலகம் நடக்கிறது என்று நம்பிக்கை வரும். தன் பிக்கப் வண்டியில் ஒரு டீசல் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்து, தாழ்வாரத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு இறக்கினான். கயிற்றைச் சுண்டி இழுத்ததும் அது உறுமிய உறுமலில் மரத்திலிருந்த பறவை எல்லாம் காலி செய்துகொண்டு போயிற்று. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பிறந்த குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டபோதுகூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை, அண்ணியைக் கேட்டால் தெரியும்.

தம்பி சோலார் பேனல் விற்று மாட்டிக் கொடுப்பவன். சட்டைப் பையில் சூரியன் படம் போட்டிருக்கும். டீசல் நாற்றம் பிடித்தவனெல்லாம் அப்பாவுக்கு மூச்சு கொடுக்கிறானா என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரமே கூரை முழுக்கப் பேனல் பரப்பி, வீட்டின் பின்பக்கம் ஒரு பெட்டிக்குள் பேட்டரிகளையும் இன்வர்ட்டரையும் வைத்து, பூட்டும் போட்டான். சாவியை என்னிடம் கொடுத்தான். கொடுக்கும்போது, "அண்ணன்கிட்ட குடுத்துடாதக்கா" என்றான். பூட்டு திருடனுக்கு இல்லை, அண்ணனுக்குத்தான்.

இரண்டு கரண்ட்டும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் வரக்கூடாதாம். அதனால் தாழ்வாரச் சுவரில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்தார்கள். இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை மேலே தள்ளினால் ஜெனரேட்டர். கீழே இழுத்தால் சோலார். மேலே அண்ணன், கீழே தம்பி. நான் அந்த வீட்டுக்குப் போய்த் தங்கியதிலிருந்து அந்தக் கைப்பிடியைப் பார்க்காமல் ஒரு வேளைச் சோறு இறங்கியதில்லை.

நான் தங்கியது யாரும் கேட்டுக்கொண்டதால் இல்லை. எனக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவேன். ஒரு வாடகை அறை, தனிக்கட்டை. கட்டினவனோடு ஒத்துவராமல் வந்தவள். ஆகவே குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் 'அவ சும்மாதானே இருக்கா' என்பது எல்லோருக்கும் சட்டென்று ஞாபகம் வந்துவிடும். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு மலையேறினேன். அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, கஞ்சி புகட்டுவது, சட்டியை எடுத்துக் கொட்டுவது எல்லாம் நான். ஆனால் ரோட்டுக் கடையில் கேட்டால், அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவருடைய இரண்டு பிள்ளைகள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேரும் அப்பாமேல் உயிரையே வைத்திருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த உயிர் இன்னொருவன் கம்பியில் ஓடக்கூடாது.

அண்ணன் வருவான். வண்டியை நிறுத்தியதும் அப்பாவைப் பார்க்க மாட்டான், கைப்பிடியைப் பார்ப்பான். அது கீழே இருந்தால் முகம் சுண்டிப்போகும். "மூணு நாளா மேகம் மூடிக் கெடக்கு. இதுல என்னத்த சோலாரு? பேட்டரி படுத்துடுச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று சொல்லிக்கொண்டே ஜெனரேட்டரைக் கிளப்பி, கைப்பிடியை மேலே தள்ளுவான். உள்ளே மெஷின் ஒரு கணம் நின்று, பெருமூச்சு விட்டு, மறுபடி ஓடும். அந்த ஒரு கணம் அப்பா கண்ணைத் திறந்து கூரையைப் பார்ப்பார்.

தம்பி வருவான். "அக்கா, பொகை பூரா அப்பா ஜன்னல் வழியாத்தான் உள்ள போவுது. நெஞ்சு புண்ணா இருக்கிற மனுஷனுக்கு டீசல் பொகையா? இவனுக்கெல்லாம் மூளைய கழட்டித்தான் தொடைக்கணும்" என்பான். ஜெனரேட்டரை அணைத்து, கைப்பிடியைக் கீழே இழுப்பான். மறுபடியும் ஒரு கணம். மறுபடியும் அப்பா கூரையைப் பார்ப்பார்.

கொடுமை என்னவென்றால் இரண்டு பேர் சொல்வதும் நியாயம். மழை பிடித்துக்கொண்டால் பேனல் தூங்கும். காற்று திரும்பினால் புகை உள்ளே வரும். அதனால்தான் ஒரு நாள் இருவரும் ஒன்றாக இருந்தபோது, பைத்தியக்காரி மாதிரி ஒரு யோசனை கேட்டேன்.

"ரெண்டையும் சேத்துட்டா என்ன? வெயில் இருக்கறப்ப சோலார் ஓடட்டும். மழ நாள்ல இவன் ஜெனரேட்டர கொஞ்ச நேரம் ஓட்டி அவன் பேட்டரிய ரொப்பிடலாம்ல? பக்கத்து எஸ்டேட் பங்களாவுல அப்படித்தான் வச்சிருக்காங்களாம்."

அன்றைக்குத்தான் இருவரும் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரே கட்சிக்கு வந்தார்கள்.

"என் டீசல ஊத்தி அவன் பேட்டரிய நான் ரொப்பணுமா?" என்றான் அண்ணன்.

"அந்த ஓட்ட எஞ்சின் குடுக்கிற கரண்ட் ஏறி எறங்கும். என் பேட்டரி கெட்டுப்போயிடும்" என்றான் தம்பி.

அப்பா படுக்கையிலிருந்து சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நான் ஓடிப்போய் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. இருமல் அடங்கியதும் அவர் சொன்னார்: "உங்கம்மா அப்பவே சொன்னா. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சைக்கிள் வாங்கித் தராதீங்கன்னு. நான் கேக்கல."

மெஷினுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. கரண்ட் நின்றால் கீச்சென்று கத்தும். அதற்காகவே அதன் வயிற்றில் ஒரு சின்ன பேட்டரி. இது அண்ணனுக்கு வசதியாகப் போயிற்று. சோலார் ஓடும்போது எப்போதாவது மெஷின் கத்தினால், தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு, "கேட்டியா, சூரிய பகவான் கூப்புடுறாரு" என்பான். தம்பி ஒரு நாள் திருப்புளியை எடுத்து அந்தச் சின்ன பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். "அப்பா தூக்கம் கெடுதுக்கா" என்றான். அப்பாவும், "ஆமாம்மா, அது கத்தறப்ப எனக்கே பயமா இருக்கு" என்றார். சரி, இரண்டு பேருக்கும் அது நிம்மதி என்றால் எனக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அப்பாவின் நகங்கள் நிறம் மாறின. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். என் அறையில் கம்பத்துக் கரண்ட் இருக்கிறது, போனால் உடனே வந்துவிடும். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். சிலிண்டர் வேண்டுமென்றால் கையோடு கொண்டுவருவேன். காற்று பழசாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்தார். அப்புறம், "உனக்குத் தொந்தரவாச்சேம்மா" என்றார்.

"இங்க மட்டும் என்ன எனக்கு சிம்மாசனமா போட்டிருக்கு?" என்றேன்.

அவர் என் கையைத் தட்டினார். "சரி, போலாம்."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ரோட்டுக் கடைக்கு ஓடி, வேன்காரருக்குப் போன் போட்டேன். மறுநாள் காலையில் வருவதாகச் சொன்னார். வழியில் அப்பாவுக்கு மூச்சு வேண்டுமே, அதற்கு ஆஸ்பத்திரித் தோழி ஒருத்தியிடம் சொல்லி ஒரு சின்ன சிலிண்டர் நிரப்பி, பால் வண்டியில் கடைக்கு அனுப்பச் சொன்னேன். அண்ணனுக்கும் தம்பிக்கும்கூடப் போன் செய்து சொன்னேன். சொல்லாமல் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். முறை தெரிந்தவளாயிற்றே, சொன்னேன்.

மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். அண்ணன் பிக்கப்பை வாசல்வரை ஏற்றி நிறுத்தினான். தம்பியின் பைக் சேற்றில் ஏறாமல், அதைக் கீழ்வளைவில் நிறுத்திவிட்டுப் பின்பக்கச் சரிவு வழியாக ஏறி வந்தான். இரண்டு பேர் முகத்திலும் ஒரே கடுகடுப்பு. என்ன ஒற்றுமை.

"ரெண்டு ஆம்பளப் பிள்ளைங்க குத்துக்கல்லாட்டம் இருக்கோம். பொண்ணு வீட்ல, அதுவும் வாடகை ரூம்ல கொண்டுபோய் அப்பாவ போட்டா நாலு பேரு என்ன பேசுவான்?" என்றான் அண்ணன்.

"நாலு பேரா வந்து சட்டி எடுக்கிறான்?" என்றேன்.

"அக்கா, இவன் ஜெனரேட்டர் தொல்ல இல்லன்னா அப்பா இங்கயே நல்லா இருப்பாரு. எடம் மாறணும்னு அவசியமே இல்ல" என்றான் தம்பி.

"டேய், உன் கண்ணாடிப் பலகைய நம்பினதாலதான் நகம் நீலமாச்சு."

"உன் பொகைய குடிச்சதாலதான்."

அப்புறம் என்னைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார்கள். எனக்குப் புரிந்துபோயிற்று. அப்பா கீழே போய்விட்டால் தாழ்வாரத்துக் கைப்பிடிக்கு வேலை இல்லை. ஜெனரேட்டரும் பேனலும் வெறும் இரும்பும் கண்ணாடியும். ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது. அந்தச் சண்டைக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு அப்பா என்று பேர்.

தாழ்வாரத்தில் ஆளுக்கொரு பக்கம் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள். சிறுபிள்ளைகள் இல்லை, இரண்டு பேருக்கும் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. மேலே தள்ளினான், கீழே இழுத்தான், மறுபடி மேலே. உள்ளே மெஷின் நின்று நின்று ஓடியது. நான் கத்தினேன், யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் அப்பாவின் குரல்தான் கேட்டது. கத்த அவருக்குத் தெம்பு ஏது? ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை வாங்கிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"டேய்... ஒருத்தனாவது... விட்டுக்குடுங்கடா."

இருவரும் கையை எடுத்தார்கள். கைப்பிடி மேலே இருந்தது, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் பேட்டரிப் பெட்டியிடம் போனான். போகும்போது என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டான். அண்ணன் தாழ்வாரப் படியில் தலையில் கையை வைத்து உட்கார்ந்தான்.

நான் உள்ளே போய் அப்பாவின் நெற்றியைத் துடைத்தேன். ஜன்னலோர நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தேன், அதுதான் அவருக்கு வசதி. மழை வருவதற்குள் கடைக்குப் போய் சிலிண்டரைத் தூக்கிவர வேண்டும். அண்ணனிடம், "நான் கடைக்குப் போய்ட்டு வர்றேன். ரெண்டு பேர்ல யாராவது அப்பாகிட்ட இருங்க" என்றேன். பின்பக்கம் எட்டி தம்பிக்கும் அதையே சொன்னேன். முன்னால் இருந்து ஒரு "ம்." பின்னால் இருந்து ஒரு "ம்."

குறுக்குப் பாதையில் இறங்கினேன். கடையில் சிலிண்டர் வந்திருந்தது, ஒரு துணிப்பைக்குள் வைத்துக் கட்டி. கடைக்காரர் தூக்கித் தோளில் ஏற்றிவிட்டார். அப்போது வண்டிப்பாதை வழியாக அண்ணனின் பிக்கப் இறங்கி வந்தது. என்னைப் பார்த்து நிறுத்தினான். கண் சிவந்திருந்தது.

"எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டேன்.

"அப்பா வாயத் தொறந்து கேட்டுட்டாரு. நான் மூத்தவன், நானே விட்டுக்குடுத்துட்டேன்" என்றான். "அவன் கரண்ட்ல போட்டுட்டு என் எஞ்சின நிறுத்திட்டு வந்துட்டேன். அவனே பாத்துக்கட்டும். இனிமே அந்தக் கைப்பிடிய நான் தொடமாட்டேன்."

"தம்பி இருக்கானா?"

"பின்னாடி அவன் பெட்டியக் கட்டிக்கிட்டு கெடக்கான்."

என் மனசு குளிர்ந்துவிட்டது. இப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. சண்டைக்கு ஓர் ஆள் குறைந்தான், தம்பி அப்பாவோடு இருக்கிறான், மழை இன்னும் இறங்கவில்லை, காலையில் வேன் வருகிறது. அண்ணனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவன் கிளம்பிவிட்டான். தோளில் சிலிண்டரோடு நிற்கிற தங்கையை வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய் விட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவன்தான் பெரிய தியாகம் செய்துவிட்டு வருகிறானே, அதில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?

அந்த வண்டியில் அவன் என்னைத் திருப்பிக் கூட்டிப் போயிருந்தால் என்று நான் இப்போது தினமும் நினைக்கிறேன்.

குறுக்குப் பாதை வழுக்கியது. நாலைந்து இடத்தில் சிலிண்டரை இறக்கிவைத்து மூச்சு வாங்கினேன். பாதித் தூரத்தில் வழக்கமாக ஜெனரேட்டர் சத்தம் காதில் விழும். அன்று விழவில்லை. எனக்குப் பயம் வரவில்லை, அண்ணன்தான் சொல்லிவிட்டானே. சொல்லப்போனால் அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. பறவைகள்கூடத் திரும்பி வந்திருந்தன. இந்த வீட்டில் கடைசி நாளாவது நிம்மதியாகப் போகிறதே என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

தாழ்வாரத்தில் யாரும் இல்லை. கைப்பிடி கீழே இருந்தது. "தம்பி" என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே நுழைந்தேன்.

அப்பா அதே நாற்காலியில் இருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. மெஷினில் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. அவர் உதடு, நகம் எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. என் காலடிச் சத்தத்தில் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அம்மா இருந்த காலத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

"சத்தமே... இல்ல... பாத்தியா?" என்றார். "ரெண்டு பேரும்... சமாதானம்... ஆயிட்டானுங்க."

நான் சிலிண்டரைத் திறந்தேன். அதைத் திருகும் சாவி இரண்டு தடவை நழுவியது. குழாயை மெஷினிலிருந்து பிடுங்கி சிலிண்டரில் மாட்டினேன். காற்று சீறிக்கொண்டு வந்தது. அப்பா ஒரு மூச்சு இழுத்தார், இன்னொன்று இழுத்தார். சின்ன சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்? மெஷினை ஓட வைக்க வேண்டும் என்று வெளியே ஓடினேன். தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றி ஓடினேன். பின்பக்கம் ஆள் இல்லை. பேட்டரிப் பெட்டி மூடியிருந்தது, பூட்டில் சாவி தொங்கியது. திறந்தால், இன்வர்ட்டர் அணைக்கப்பட்டிருந்தது. தானாக அணையவில்லை, பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. கையால் அணைத்திருக்கிறான்.

போட்டேன். உள்ளே மெஷின் உறுமித் தொடங்கும் சத்தம் கேட்டது. திரும்ப ஓடி வந்தேன். மெஷின் ஓடியது, பச்சை விளக்கு எரிந்தது. சிலிண்டரும் சீறிக்கொண்டிருந்தது. அந்த அறையில் வேண்டிய மட்டும் காற்று இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சிலிண்டர் தானாகத் தீர்ந்து அடங்கியது.

நடந்தது என்ன என்பது காரியங்கள் எல்லாம் முடிகிறபோது தெரிந்துவிட்டது. பின்பக்கம் போன தம்பிக்கும் அப்பாவின் சொல் தைத்திருக்கிறது. சின்னவன் நான்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். முன்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, கைப்பிடி மேலே இருந்தது, அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தான். இனி என் கரண்ட் தேவையில்லை என்று இன்வர்ட்டரை அணைத்து, சாவியைப் பூட்டிலேயே விட்டு, பின்பக்கச் சரிவில் இறங்கிப் போய்விட்டான். பைக் நின்ற வளைவுக்கு ஜெனரேட்டர் சத்தம் எட்டாது. அவன் அவ்வளவு தூரம் இறங்கிய பிறகுதான் முன்னால் அண்ணன் எழுந்து கைப்பிடியைக் கீழே இழுத்து எஞ்சினை நிறுத்தியிருக்கிறான். இரண்டு பேருக்கும் அழுகை. அந்த முகத்தை அப்பாவிடம் காட்ட வெட்கப்பட்டு, உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லாமலே கிளம்பியிருக்கிறார்கள். கத்த வேண்டிய மெஷினுக்கு வாயை ஏற்கெனவே பிடுங்கியாயிற்று.

பிறந்ததிலிருந்து ஒருவனுக்கொருவன் எதையும் விட்டுக்கொடுக்காதவர்கள். ஆயுசில் ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தார்கள். அதையும் இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள்.

இதை நான் இருவரையும் ஒன்றாக நிற்கவைத்துச் சொன்னேன். கைப்பிடியைக் காட்டிச் சொன்னேன், பெட்டியைத் திறந்து காட்டிச் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. அண்ணன் தகரக் கொட்டகையில் சாய்ந்து விம்மினான். தம்பி பேனல் நிழலில் குந்திக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் கொஞ்ச நேரம்தான். வந்தவர்கள் தோளைத் தட்ட ஆரம்பித்ததும், அண்ணன் ஒரு பக்கம், "நான் விட்டுத்தாங்க குடுத்தேன். இவன் அணைப்பான்னு எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்வது கேட்டது. இன்னொரு பக்கம் தம்பி, "நான் விட்டுக்குடுத்துட்டுத்தான் போனேன். இவன் எஞ்சின நிறுத்திட்டுப் போவான்னு யாரு கண்டா?" என்றான். எது முதலில் என்று வாக்குவாதம் தொடங்கிவிட்டது. யார் முதலில் விட்டுக்கொடுத்தது என்று இப்போது ஒரு போட்டி.

அன்று சாயங்காலம் வந்தவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று விளக்குகள் கட்டினார்கள். அண்ணன் ஜெனரேட்டரின் கயிற்றில் கையை வைத்தான். தம்பி இன்வர்ட்டர் பெட்டியிடம் போனான். பிறகு ஒருவனையொருவன் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் பின்வாங்கி, இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாழ்வாரத்துக்குப் போய்க் கைப்பிடியை நடுவில் நிறுத்தினேன். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அந்தச் சுவிட்சில் அப்படி ஓர் இடம் அதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு அண்ணன் என்னிடம் வந்தான். பட்டறையில் கத்திப் பழகியவன், அன்று மெதுவாகக் கேட்டான்.

"கடைசியா நீதானே பக்கத்துல இருந்த. அப்பா ஏதாவது சொன்னாரா?"

அவன் பின்னாலேயே தம்பியும் வந்து நின்றான். அவனும் அதைத்தான் கேட்க வந்திருக்கிறான். இரண்டு பேரும் தோளோடு தோள் உரச நின்றார்கள், தெரியாமல்தான்.

சொல்லியிருக்கலாம். நீங்கள் சமாதானம் ஆகிவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே போனார் என்று ஒரு வரி. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கட்டிக்கொண்டு அழுவார்கள். அப்பா நம்மை மன்னித்துவிட்டார் என்பார்கள். அன்றைய நாளை நல்ல நாளாக்கி, வருஷா வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லுவார்கள். அப்பாவின் மூச்சைத்தான் இரண்டு பேரும் பங்கு போட்டார்கள், அவருடைய அந்தச் சிரிப்பையுமா பங்கு போடக் கொடுப்பேன்? அது எனக்கு வேண்டும்.

"சொல்லேன்" என்றான் தம்பி.

மெஷினின் கம்பியைச் சுருட்டிக்கொண்டே, "ஒண்ணும் சொல்லல" என்றேன்.